மோட்டார் கல்லில் கொடுக்காதீர்கள்: அப்பாவின் சவரக்கத்தியை மீட்ட அனுபவம்

அப்பா விட்டுப்போன சவரக்கத்திகள் இரண்டு. ஒன்றால் நான் இன்றைக்கும் சவரம் செய்துகொள்கிறேன். மற்றதில் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. ஆனால் அதைக்கொண்டு இனி ஒரு நாள் தாடியைக்கூட எடுக்க முடியாது. துருவை எடுத்துத் தருகிறோம் என்று வாங்கிய ஒரு கடையில், மோட்டார் கல்லின் சூட்டில் அதன் பதம் போய்விட்டது. இந்த வேலையில் இறங்கியபோது எனக்கு வழி சொல்ல யாருமில்லை. இணையத்தில் கிடைத்தவை எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சொன்னவை. அவர்கள் சொல்லும் கம்பியும் கல்லும் நாகர்கோவிலில் எங்கே கிடைக்கும், குளச்சல் கடற்காற்றில் ஈர இரும்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் தாத்தா காலத்துக் கத்தி ஒன்று கிடக்கலாம். அதைக் கையில் எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள் என்றுதான் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா திங்கள்சந்தையில் சலூன் வைத்திருந்தார். மடக்குக் கத்தி, கத்தியை இழுத்துக் கூரைச் சீராக்கச் சுவரில் தொங்கும் தோல்வார், நடுவில் குழிந்துபோன ஒரு கறுத்த தீட்டுக்கல், படிகாரக் கட்டி, இவ்வளவுதான் அவருடைய முதல். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது 1986-இல். அதன்பின் வந்த ஆண்டுகளில் ஒரே கத்தியை எல்லோர் முகத்திலும் போடும் வழக்கம் மெல்ல நின்று, பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி எல்லாச் சலூனுக்கும் வந்தது. அப்பாவும் மாறினார். பழைய இரண்டையும் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு இறுக மூடி வைத்தார். அவற்றில் கனமானது தாத்தா திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்ற சந்தையில் வாங்கியது. நம் பகுதி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. எதை வாங்குவதானாலும் அந்தச் சாலைச் சந்தைக்குப் போவதுதான் அன்றைய வழக்கம் என்று அப்பா சொல்வார். அந்தக் கத்தியின் காம்பில், அதாவது இரும்பு பிடியோடு சேரும் குறுகிய பகுதியில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்று பொறித்திருக்கும், எருமைக்கொம்புப் பிடி. மற்றது மெல்லியது, ஜெர்மனியின் சோலிங்கன் முத்திரை, தந்தம் மாதிரித் தெரியும் வெளிர்மஞ்சள் பிடி.

அப்பா காலமான பிறகு, அம்மா அலமாரியை ஒழிக்கும்போது டின் வெளியே வந்தது. மூடியைத் திறந்ததும் ஒரு நெடி. கொஞ்சம் கற்பூர வாசம், அதற்குமேல் தொண்டையைக் கமறவைக்கும் காட்டம். மஞ்சள் பிடி பாளம் பாளமாக விரிசல் விட்டிருந்தது. ஆணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. விந்தை என்னவென்றால், சோலிங்கன் கத்தி மடங்கியிருக்கும்போது பிடிக்குள் மறையும் பகுதி மட்டும் கறுத்துத் துருவேறியிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த காம்பு நன்றாகவே இருந்தது. பக்கத்தில் கிடந்த தாத்தாவின் கத்தியிலும் அந்த டின்னுக்குள் துருப் பரவியிருந்தது. நான் கடற்காற்றின் மேல்தான் பழியைப் போட்டேன். காரணம் வேறு என்று தெரிய நாளாயிற்று.

அந்த மஞ்சள் பிடி தந்தமில்லை, செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்த அந்தக்காலப் பிளாஸ்டிக். பழைய சினிமாப் படச்சுருளும் இதே சரக்குதான். வயதாக ஆக அது தானாகவே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். அந்த வாயு காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். மூடிய டின்னுக்குள் அது போக வழியில்லாமல் முதலில் சொந்தக் கத்தியையும் பிறகு பக்கத்துக் கத்தியையும் தின்னும். ஆகவே பழைய கத்தி கைக்கு வந்ததும் முதலில் பிடியைப் பாருங்கள். தந்தம், ஆமையோடு மாதிரித் தெரிகிற பிடியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகருங்கள். கற்பூரம் மணந்தால் செல்லுலாய்டு. விரிசலோ பிசுபிசுப்போ காட்டமான நெடியோ இருந்தால் அதை உடனே மற்றக் கத்திகளிடமிருந்து பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். செய்யவே கூடாது, செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். மெஷினில் தேய்ப்பதும் அதே ஆபத்து. உண்மையான யானைத் தந்தமாகவே இருந்தால் அது வேறு விவகாரம். நம் நாட்டில் அதை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

இதெல்லாம் தெரியுமுன் நான் போய் நின்றது நாகர்கோவிலில் ஒரு சாணைக்கடை. பெயர் வேண்டாம். சோலிங்கன் கத்தியைக் காட்டி, அப்பாவுடையது, மோட்டாரில் வைக்க வேண்டாம், கையாலேயே தேய்த்துத் தாருங்கள், எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை என்று அழுத்திச் சொன்னேன். சரியென்றார்கள். 600 ரூபாய் பேசி முன்பணமும் கொடுத்தேன். திரும்ப வாங்கியபோது ஒரு பொட்டுத் துரு இல்லை. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவளுக்கும் சந்தோஷம். பிறகு தீட்ட உட்கார்ந்தேன். கூர் வரும், தோல்வாரில் இழுத்தால் மழுங்கும். மறுபடி தீட்டினால் வரும், கன்னத்தில் வைத்த உடனே போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே கழிந்தன. எனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து, வாங்கிய கல்லை விட்டு வேறு கல் வாங்கினேன். தண்டச் செலவு.

கடைசியில் இரணியலுக்குப் போனேன். அப்பாவோடு ஒரே கடையில் தொழில் பழகிய பெரியவர் அங்கே இருக்கிறார், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கத்தியை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர், நுனிக்குப் பக்கத்தில் ஒரு கோட்டைக் காட்டினார். பாலீஷ் எட்டாமல் விட்டுப்போன இடம். மெல்லிய நீலம். "மக்கா, இத மோட்டார்ல காட்டிட்டானுவ. துருப்பிடிச்ச கத்திய எத்தனையோ மீட்டிருக்கேன். சூடு பட்டத ஒண்ணும் செய்ய முடியாது" என்று மடக்கிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. கடையில் போய்க் கேட்டதற்கு, பளபளவென்றுதானே இருக்கிறது, என்ன குறை என்றார்கள். அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த கத்தியை நானே கொண்டுபோய் ஒப்படைத்தேனே என்று அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. பணம் போனது பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கத்திக்கு மாற்று எங்கே வாங்குவது?

சூட்டுக்கும் கத்திக்கும் உள்ள கணக்கு இதுதான். சவரக்கத்தி கார்பன் அதிகமுள்ள எஃகு. பழுக்கக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்துக் கடினமாக்கியபின், நொறுங்காமலிருக்க 200 டிகிரி செல்சியஸ் அளவில் மறுபடி சூடேற்றிப் பதம் வைத்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டினால் கடினம் இறங்கத் தொடங்கும். எஃகே அதை நிறத்தில் சொல்லும்: முதலில் வெளிர்மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். இரண்டு பக்கமும் குழித்துக் கடைந்த சோலிங்கன் மாதிரிக் கத்தியில் வாய்ப்பக்கம், அதாவது கூர் விளிம்பு, அவ்வளவு மெல்லிசு. மோட்டார் கல்லோ பாலீஷ் போடும் பஃப் சக்கரமோ பட்டால் சூடு பரவ இடமில்லாமல் நொடிகளில் நீலம் பாய்ந்துவிடும். நீலத்தைப் பாலீஷில் அழித்துவிடலாம். போன பதம் வராது. கண்ணுக்குக் குறை தெரியாததால்தான் இது இவ்வளவு மோசமான கேடு. அரிவாள், வெட்டுகத்தி சாணை பிடிப்பவர்கள் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்களாக இருக்கலாம், அந்தக் கனத்துக்கு மோட்டார் கல் போதும். சவரக்கத்தியை அவர்களிடம் கொடுக்காதீர்கள். கையால் செய்கிறேன் என்பவரிடமும் அவர் முடித்த வேறு சவரக்கத்தியை வாங்கிக் கையில் நாலு மயிர் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தாத்தாவின் கத்தியை இனி யாரிடமும் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அதில் நேரடியாகக் கை வைக்கப் பயம். பழகிப் பார்க்க இணையத்தில் ஒரு பழைய கத்தி வாங்கினேன், 1,800 ரூபாய். படத்தில் நன்றாக இருந்தது. வந்ததும் துடைத்துப் பார்த்தால் வாயிலிருந்து மேலேறும் ஒரு மயிரிழை விரிசல். விற்றவர் பதிலே சொல்லவில்லை. விரிசல் விட்ட கத்திக்கு வைத்தியமில்லை, முகத்துக்கு அருகே கொண்டுபோகவும் கூடாது. பிரித்துப் பழகுவதற்கு அது உதவியது என்பதோடு சரி. வாங்குவதென்றால் இந்தப் படங்களைக் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் அனுப்புங்கள்: வாய் முழுவதும் தெரியும்படி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த படம், மடக்கிய நிலையில் மேலிருந்து எடுத்தது, முதுகை நேராகப் பார்த்தது, காம்பின் முத்திரை. முதுகு ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படும்; முதுகின் கனம்தான் கூரின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. விரிசலைச் சந்தேகித்தால் மெல்லிய எண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள், விரிசல் இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் கோடாகக் கசியும். சில நூறு ரூபாய்க்குப் புதிதாக விற்கும் பளபளக் கத்திகளும் உண்டு. அவற்றின் எஃகில் பதமே இருக்காது.

பிரிப்பதற்கு முன் பிரிக்கத்தான் வேண்டுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பிடி நன்றாக இருந்து, ஆணி ஆடாமல், கத்தி மடங்கும்போது பிடியில் உரசாமல் இருந்தால் ஆணியைத் தொடவே வேண்டாம். மெல்லிய துணிநாடாவை எண்ணெயில் நனைத்துக் காம்புக்கும் பிடிக்கும் இடையில் கோத்து இழுத்தாலே உள்ளே இருக்கும் அழுக்கு வந்துவிடும். பழைய ஆணியும் வாஷரும் ஒரு தடவை போனால் அதே மாதிரி கிடைப்பதில்லை. தாத்தாவின் கத்தியில் கொம்புப் பிடியைப் பூச்சி அரித்துப் பாதி துளையாகியிருந்தது, துரு ஆணிக்குள்ளும் போயிருந்தது. அதனால் பிரிக்க வேண்டியதாயிற்று.

பிரிக்கும் முறை இது. முதலில் கத்தியின் வாயை மூடுங்கள்: மடித்த அட்டையை வாயில் செருகி மேலே டேப் சுற்றுங்கள். மழுங்கிக் கிடக்கும் கத்திகூட விரலைக் கிழிக்கும். டெட்டனஸுக்கான டி.டி. ஊசி போட்டு வருசக்கணக்கில் ஆகியிருந்தால் வேலை தொடங்குமுன் போட்டுக்கொள்வது நல்லது. ஆணியின் இரண்டு தலையும் தட்டிப் பரப்பியிருக்கும். ஒரு பக்கத்துத் தலையை மட்டும் சின்ன அரத்தால் வாஷர் மட்டத்துக்கு ராவ வேண்டும். வாஷர் மேல் அரம் ஓடாமலிருக்க, நடுவில் துளையிட்ட தகரத் துண்டை அதன்மேல் போட்டுக்கொண்டேன். தலை போனதும், கத்தியைத் துளையிட்ட மரக்கட்டை மேல் வைத்து, 1.5 மில்லிமீட்டர் பஞ்ச் (ஆணியைத் தள்ளும் மெல்லிய உளி) வைத்து ஆணியை மெல்லத் தட்டினால் மறுபக்கம் இறங்கிவிடும். இந்த அளவுப் பஞ்ச் ஹார்டுவேர் கடைகளில் எளிதில் கிடைக்காது, வாட்ச் ரிப்பேர் செய்பவர்களிடம் கேளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிவிடலாம் என்று தோன்றும். நெம்பினால் பிடி பிளக்கும். பிடியின் வால்பக்கத்தில் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஓர் ஆப்பு இருக்கும்; பழைய ஷெஃபீல்டு கத்திகளில் அது பெரும்பாலும் ஈயம். அதை உலரத் தேய்க்காதீர்கள், தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

துருவெடுக்கும் வேலையில்தான் அதிகம் புத்திமதி வந்தது. குத்துவிளக்குக்குப் போடும் மாதிரி புளி போட்டுத் தேய் என்றாள் அத்தை. குடம்புளி இன்னும் நல்லது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வினிகரில் ஊறப்போடு என்று வீடியோக்கள். பித்தளைக்குப் புளி சரி. கார்பன் எஃகை அமிலம் துருவோடு சேர்த்து அரித்துக் கறுக்க வைக்கும், முத்திரையும் வாயும் மங்கும். நான் ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரோடு நின்றேன். பெயின்ட் கடையில் கேட்டால் தருவார்கள். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். பலரும் 220-இல் தொடங்கச் சொல்வார்கள். நான் 600-ஐ வைத்துப் பார்த்து, அதற்கு அசையாத இடத்தில் மட்டும் 400-க்கு இறங்கி, பிறகு 800, 1000, 1500, 2000 என்று ஏறினேன். சொரசொரப்பான தாள் போடும் கீறலை எடுக்க அதைப்போல் பல மடங்கு நேரம் ஆகும். கத்தியை மரப்பலகையில் படிய வைத்து, தாளை ஒரு தக்கைத் துண்டில் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, கை எப்போதும் முதுகிலிருந்து வாயை நோக்கியே போக வேண்டும். எதிர்த்துப் போனால் விரல் போகும். முத்திரையும் எழுத்தும் இருக்கும் இடத்தில் தாளே வேண்டாம், எண்ணெயும் துணியும் போதும். கத்தியின் முகத்தில் தங்கப் பூச்சோடு எழுத்து இருந்தால் பித்தளைப் பாலீஷைக்கூட அண்டவிடாதீர்கள், அது தேய்த்தவுடன் வழிந்து போய்விடும்.

செந்துரு சீக்கிரம் போய்விடும். கறுப்புக் குழிகள்தான் மனதை வதைக்கும். அவற்றை முழுக்க எடுக்க நினைத்தால் கத்தியின் கனமே போய்விடும். மாமா ஒரே வார்த்தையில் சொன்னார்: வாயைத் தொடாத குழியை விட்டுவிடு. வடசேரியில் தங்கவேலை செய்பவரிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்லென்ஸ் வாங்கி வாய் முழுக்கப் பார்த்தேன். குழி எதுவும் வாய் வரைக்கும் வரவில்லை. வந்திருந்தால் அந்த இடம் தீட்டத் தீட்ட உதிர்ந்துகொண்டே இருந்திருக்கும். கத்தியின் முகத்தில் அந்தக் கறுப்புப் புள்ளிகள் இன்றும் இருக்கின்றன, எனக்கு அவை உறுத்துவதில்லை. எங்கள் பக்கத்து ஈரம் பற்றியும் சொல்ல வேண்டும். நான் தேய்த்த காலம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை. தண்ணீரில் கழுவி வைத்துவிட்டுப் பேச்சு வாக்கில் ஒரு சாயா குடித்து வருவதற்குள் செம்பொட்டுகள் தெரிந்துவிடும். கழுவியதும் துடைத்து, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் காட்டி, தையல் மெஷின் எண்ணெய் தடவிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

புதுப் பிடிக்கு, உடைந்த பழைய நாற்காலியின் ஈட்டி மரக் கையை எடுத்துக்கொண்டேன். எண்ணெய்ப்பசையும் கனமும் உள்ள மரம், ஈரத்துக்கு எளிதில் வளையாது. மரவேலை செய்யும் நண்பர் அதை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு தகடாக அறுத்துத் தந்தார். இரண்டையும் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, பழைய பிடியை அச்சாக வைத்துக் கோடு போட்டு, ஒட்டிய நிலையிலேயே துளையிட வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் ஒரு மயிரளவு விலகினாலும் கத்தி ஒரு பக்கம் சாய்ந்து மடங்கும்போது பிடியில் வாயை மோதிக்கொள்ளும். ஈய ஆப்புக்குப் பதில் பித்தளையில் ஒன்று ராவிக்கொண்டேன்.

ஆணிக்கு வேண்டியது 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. கோட்டாறு, மீனாட்சிபுரம் கடைகளில் அலைந்தும் அந்த அளவில் இல்லை. வடசேரி நினைவுக்கு வராமல் இருந்ததுதான் ஆச்சரியம். கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு பெற்ற இடம், கம்பி இழுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. லென்ஸ் தந்த அதே அண்ணாச்சி தடித்த கம்பியைத் தீயில் வாட்டித் துளைத்தகட்டில் இழுத்து இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். தகட்டில் வெட்டிச் சின்ன வாஷர்களும் செய்து தந்தார். நான் சுத்தியலை எடுத்ததும், "ஆணிய அடிக்கப்பிடாது தம்பி, தட்டணும்" என்று அவரே காட்டினார். கம்பி வாஷருக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் நீட்டியிருக்க வேண்டும். அடைகல் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் தலையின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டி, நாலு தட்டுக்கு ஒரு தரம் திருப்பிப் போட்டு, கத்தியைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பாதி திறந்து பிடித்தால் கத்தி தன் கனத்தில் விழாமல் நிற்க வேண்டும், விரல் பட்டால் நகர வேண்டும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் இறுகட்டும் என்று ஒரு தட்டுக் கூடினால் மரம் பிளக்கும். பிறகு ஆணியை ராவி எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். கம்பியை வாட்டும் வேலை கத்தி பக்கத்தில் இல்லாதபோதே முடிந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தீட்டுவதற்கு 1000, 4000, 8000 எண் கற்கள் போதும், 12000 இருந்தால் நல்லது. 10000 என்று அச்சிட்டு மலிவாக வரும் கல்லை நம்பி வாங்கினேன், அது கத்தியில் கோடு கோடாகக் கீறியது. கல்லின் மட்டம் முக்கியம். பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் விரித்த வாட்டர் பேப்பர் மேல் தேயுங்கள். கட்டம் சீராக அழிந்தால் கல் மட்டமாக இருக்கிறது. கல்லில் வாய் முன்னே போக வேண்டும், தோல்வாரில் முதுகு முன்னே போக வேண்டும். இதை மாற்றினால் வார் அறுபடும், கூரும் போகும். தாத்தாவுடையது ஏறக்குறைய ஆப்பு வடிவக் கத்தி. அந்த மாதிரியில் அகலமான பரப்பு கல்லில் உரசும், தேய்த்தாலும் தேய்த்தாலும் வேலை நகராது. முதுகில் மின்கம்பி டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொண்டால் வாய் மட்டும் படும், முதுகும் தேயாது. டேப் தேய்ந்ததும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1000-இல் வாய் முழுக்கக் கூர் ஏறாமல் அடுத்த கல்லுக்குப் போனால் அத்தனையும் வீண். கையில் உள்ள மயிரைக் காம்பிலிருந்து நுனிவரை ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பார்த்து, எல்லா இடமும் ஒரே மாதிரி எடுத்த பிறகுதான் 4000-க்குப் போனேன். மாமா தந்த பழைய தோல்வாரில் ஐம்பது இழுப்பு இழுத்துவிட்டுத்தான் முகத்தில் வைத்தேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: சாணைக்கடை, விரிசல் கத்தி, உதவாத கற்கள் எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துக்கு மேல் போயிற்று. உருப்படியான கற்களுக்கு ஐயாயிரத்தை ஒட்டி ஆயிற்று. கம்பிக்கும் வாஷருக்கும் அண்ணாச்சி காசு வாங்கவில்லை. தாள், எண்ணெய், டேப் இவையெல்லாம் சேர்ந்து ஐநூறு ரூபாய்க்குள். கற்களை இரவல் வாங்க முடிந்தால் வாங்குங்கள். மூடிப்போன பழைய சலூன்காரர்கள் வீட்டில் நல்ல கல் கிடக்கும். என் அப்பாவின் தீட்டுக்கல்லைக் கடை காலி செய்த நாளில் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

சவரத்தில் முதல் நாள் கன்னங்களோடு நிறுத்துங்கள். வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி, பிரஷ்ஷால் நன்றாக நுரை போட்டு, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, முகத்திலிருந்து முதுகு ஏறக்குறைய 30 டிகிரி தூக்கியிருக்கும்படி வையுங்கள். கத்தியை அழுத்த வேண்டியதில்லை. மோவாயும் மேலுதடும் கை பழகிய பிறகு. மயிரைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தால் மேலே போகாமல் வாருக்குத் திரும்புங்கள், அதிலும் சரியாகாவிட்டால் 8000 கல்லுக்கு. முடிந்ததும் வாயைத் துடைத்து, திறந்த நிலையிலேயே உலரவிட்டு, எண்ணெய் தடவிப் பருத்தித் துணிமேல் திறந்த தட்டில் வைக்கிறேன். தோலுறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை விடாது.

என் மகனுக்கு இப்போது மீசை அரும்புகிறது, தாத்தாவின் கத்தியை எனக்கும் தா என்று கேட்கிறான். ஒரு கத்தி, ஒரு முகம் என்று அப்பா கடைசியில் கடைப்பிடித்த கட்டுப்பாட்டை நான் மாற்றப்போவதில்லை. அவனுக்கென்று சோலிங்கன் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒருவர் விலை சொன்னார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வாய் முழுக்கத் தெரியும் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.